கணவரின் சம்மதம்

காப்புறுதிக் கம்பனியில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவன் நான். காப்புறுதி விற்கிற வேலை இல்லை. அதற்குச் சிரித்த முகம் வேண்டும், என்னிடம் அது இல்லை. கடை எரிந்துவிட்டது, கார் மோதிவிட்டது, வீட்டுக்காரர் இறந்துவிட்டார் என்று நட்டஈடு கேட்டு வருகிறவர்கள் சொல்வது மெய்யா பொய்யா என்று விசாரிக்கிற வேலை. எரிந்த கடையின் சாம்பலைக் காலால் கிளறிப் பார்த்தே, எரிந்தது துணியா வெறும் அட்டைப்பெட்டியா என்று சொல்லிவிடுவேன். ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. கதிரை போனதே தவிர குணம் போகவில்லை. "உங்களோட சந்தைக்குப் போறதிலும் பார்க்க ஒரு பொலிஸ்காரனோட போகலாம்" என்பாள் என் மனைவி யோகராணி.

அப்படிப்பட்ட நான் வீடு வாங்கப் புறப்பட்டேன். ஆசையினால் அல்ல. வெள்ளவத்தையில் இருபத்துநாலு வருடத்தில் பதினொரு வாடகை வீடு மாறியாகிவிட்டது. பதினோராவது வீட்டுக்காரர் லண்டனில் இருந்து போன் எடுத்து, மகன் வரப்போகிறான், ஆனி மாத முடிவுக்குள் வீட்டை விட்டுவிடுங்கள் என்று சொன்னார். அன்றைக்கு யோகராணி அழவில்லை, சண்டை போடவும் இல்லை. "இனி ஒருக்கா என்ர சட்டி பானையை லொறியில ஏத்த நான் விடமாட்டன்" என்று மட்டும் சொன்னாள். அவள் சத்தம் போட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

வெள்ளவத்தையில் எங்களிடமிருந்த காசுக்கு ஒரு கார் நிறுத்துமிடம் கிடைத்திருக்கும். அதனால் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். தரகர் பேதுரு, அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர், தை மாதம் எங்களை ஒரு மாடி வீட்டுக்குக் கூட்டிப்போனார். இரண்டாம் மாடி, மூன்று அறை. சமையலறை ஜன்னலில் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரிந்தன.

வீட்டுக்காரி பத்மாவதி. ஐம்பதைத் தாண்டிய யாழ்ப்பாணத்து மனுசி. அருகில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறார். வங்கியில் வேலை செய்யும் மகள் நிருஷாவும் கூட இருந்தாள். தேத்தண்ணி தந்துவிட்டுப் பத்மாவதி சொன்ன முதல் வார்த்தை இது: "சமையலறைக் குழாய் சொட்டும் அண்ணை. கச்சான் காத்து மழையில முன்னறை ஜன்னலாலை தண்ணி உள்ளுக்கு வரும். பிறகு நான் சொல்லேல்லை எண்டு நினைக்கக் கூடாது."

எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. விற்கிறவர் தானாகவே குறை சொல்கிறார் என்றால் அதைவிடப் பெரிய குறை ஒன்று எங்கோ இருக்கிறது. சின்னப் பொய்யை ஒப்புக்கொண்டு பெரிய பொய்யை மறைக்கிறவர்களை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! வெளியே வந்ததும் பேதுருவிடம் கேட்டேன்.

"ஐயா, அந்த அம்மா சுத்தத் தங்கம். பொண்ணுக்குக் கல்யாணம் பேசியிருக்காங்க, அதுக்குத்தான் விக்கிறாங்க. நீங்க கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றார் பேதுரு.

கண்ணை மூடு என்று தரகர் சொன்னால் இரண்டு கண்ணையும் அகலத் திறந்து வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் யோகராணி ஏற்கெனவே எந்த மூலையில் சுவாமிப் படம் வைப்பது என்று பார்த்துவிட்டு வந்திருந்தாள். மாசியில் ஒப்பந்தம் எழுதி முற்பணம் கொடுத்தோம். மூன்று மாதத்துக்குள் வீட்டின் உறுதிப் பத்திரம் எழுதி முடிப்பது என்று பேச்சு.

என் பக்கத்துச் சட்டத்தரணி சஹ்லா. நீதிமன்றங்கள் இருக்கிற அளுத்கடையில் ஒரு போட்டோகொப்பிக் கடைக்கு மேலே அலுவலகம். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும், ஆனால் ஒரு தாளைக் கையில் எடுத்தால் கடைசி வரி வரை படிக்காமல் கீழே வைக்க மாட்டார். அது எனக்குப் பிடித்தது. பிறகு அதுவே சந்தேகத்தையும் கொடுத்தது. இவ்வளவு கவனமாகப் படிக்கிற பிள்ளைக்கு ஏன் இத்தனை நாள் எடுக்கிறது?

முதலில் மாநகர சபைச் சான்றிதழ் வரவில்லை. பிறகு கட்டட வரைபடத்தின் பிரதியைக் காணவில்லை. பிறகு காணிப் பதிவகத்தில் எங்கள் வீடு பதிந்த புத்தகம் கட்டுவதற்குப் போயிருக்கிறது என்று சஹ்லா சொன்னார். புத்தகம் கட்டப் போயிருக்கிறதாம்! யாருக்குக் காது குத்துகிறாய் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டு மறுநாளே பதிவகத்துக்கு நேரில் போனேன். வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்ற பிறகு, "அத பொத்த நே மஹத்தயா, லபன சதியே எண்ட" என்றார் எழுதுவினைஞர். புத்தகம் இல்லை, அடுத்த வாரம் வா. அடுத்த வாரமும் போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். நாலாவது தடவை அந்த மனிதர் பொறுமை இழந்து என்னை உள்ளே கூட்டிப்போய், முதுகு பிய்ந்து நூல் தொங்கிய புத்தகங்களின் அடுக்கைக் காட்டினார். எங்கள் புத்தகம் நடுவில் இருந்தது. சொன்னது உண்மைதான்.

உண்மை என்று தெரிந்ததில் எனக்குச் சந்தோசம் வரவில்லை. அப்படியானால் உண்மையான தில்லுமுல்லு வேறெங்கோ நடக்கிறது என்றுதான் தோன்றியது. பேதுரு வேறு யாருக்கோ வீட்டைக் காட்டுகிறாரா என்று இரண்டு நாள் கொட்டாஞ்சேனைச் சந்தியில் நின்று பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. வெயிலில் நின்றதில் எனக்குத் தலையிடி வந்ததுதான் மிச்சம்.

சித்திரைப் புதுவருடத்துக்கு எல்லா அலுவலகமும் பூட்டித் திறந்தது. வைகாசி நடுவில் ஒருவழியாகக் கடுதாசிகள் எல்லாம் வந்து சேர்ந்தன. இனி உறுதி எழுத வேண்டியதுதான் என்று நானும் யோகராணியும் அளுத்கடைக்குப் போய் உட்கார்ந்தோம்.

"அங்கிள், ஒரு விசயம் இரிக்கு" என்றார் சஹ்லா. "இவங்க பொறந்தது யாழ்ப்பாணம். அப்ப தேசவழமைச் சட்டம் இவங்களுக்குப் பொருந்தும். கலியாணம் முடிச்ச பொம்புள, வீடு தன்ட பேர்லயே இரிந்தாலும், மாப்புளட சம்மதம் இல்லாம விக்க ஏலா. கொழும்புக்கு வந்தாலும் அந்தச் சட்டம் அவங்களோடயே வரும். மாப்புள வந்து உறுதியில சைன் வெக்கணும்."

"அதுக்கென்ன, வரச் சொல்லுங்கோவன்."

"மூணு தரம் கேட்டுட்டேன் அங்கிள். மொதல்ல, அவர் வெளிய நிக்கிறார் எண்டாங்க. பொறகு, வந்தாச் சொல்றேன் எண்டாங்க. நேத்து, எப்ப வருவார் எண்டு தெரியா எண்டு செல்லிட்டு டெலிபோன வெச்சிட்டாங்க."

எனக்கு உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது. இதுதான்! தை மாதத்திலிருந்து நான் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது இதைத்தான். அந்த வீட்டுக்கு மூன்று தடவை போயிருக்கிறேன், ஒரு ஆண் குரல் கேட்டதில்லை. ஆனால் பத்மாவதி நெற்றி நிறையக் குங்குமத்தோடு, கழுத்தில் தாலிக்கொடியோடுதான் எப்போதும் இருந்தார். புருசன் இருக்கிறார், ஆனால் கண்ணில் படமாட்டார் என்றால் என்ன அர்த்தம்?

விசாரணையில் இறங்கினேன். மூன்று வருடத்துக்குப் பிறகு வேலை கிடைத்த உற்சாகம் என்றே சொல்ல வேண்டும். முதலில் அவர்கள் வீட்டுக்குக் கீழே உள்ள பலசரக்குக் கடையில் ஒரு சோடாக் குடித்தபடி கதை கொடுத்தேன். "புருஷனா? நான் கட போட்டு எட்டு வருசம் சார். அப்பிடி ஒருத்தர நான் பாத்ததே இல்ல" என்றார் கடைக்காரர். அடுத்து கிராம சேவகர் அலுவலகத்துக்குப் போனேன். அந்த வருடத்து வாக்காளர் பட்டியல் அங்கே பார்வைக்கு இருந்தது. விரலை வைத்துத் தேடினேன். வீட்டு இலக்கத்துக்கு நேரே மூன்று பெயர்: நாகேந்திரம், பத்மாவதி, நிருஷா. பழைய பட்டியல்களையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு வருடமும் நாகேந்திரம் இருந்தார்.

அன்று பின்னேரம் யோகராணிக்கு வழக்கை விளக்கினேன். "ஆள் இருக்கிறான். வருசா வருசம் அந்த வீட்டு விலாசத்தில பதியிறான். ஆனா கடைக்காரனுக்குக்கூட முகத்தைக் காட்டேல்லை. ஏன்? நாங்கள் வீட்டை வாங்கினாப் பிறகு ஒரு நாள் வந்து நிப்பான். நான் சம்மதிக்கேல்லை, வித்தது செல்லாது எண்டு வழக்குப் போடுவான். காசும் போய் வீடும் போய், நாங்கள் றோட்டில. புருசனும் பெண்சாதியும் சேர்ந்து போட்ட திட்டம் இது."

"அந்த மனுசியின்ர முகத்தைப் பார்த்தா அப்பிடித் தெரியேல்லையே" என்றாள் யோகராணி.

"முகத்தைப் பார்த்து முடிவெடுத்திருந்தா எங்கட கம்பனியை எப்பவோ இழுத்து மூடியிருப்பாங்கள். நீர் சும்மா இரும்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். சொல்லிவிட்டுப் போனால் விசாரணை இல்லை, விருந்து. பத்மாவதி கதவைத் திறந்தார். நிருஷா மேசையில் கலியாண அழைப்பிதழ் மாதிரிகளைப் பரப்பி வைத்திருந்தாள். நான் உட்காரவில்லை.

"உங்கட மனுசனைக் கூப்பிடுங்கோ" என்றேன்.

"அவர் இல்லை அண்ணை."

"வாக்காளர் பட்டியலில இருக்கிறாரே. போன வருசமும் இருக்கு, அதுக்கு முந்தின வருசமும் இருக்கு. நான் பார்த்திட்டுத்தான் வாறன். எங்கை ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?"

நிருஷா எழுந்து நின்றாள். முகம் சிவந்துவிட்டது. "அம்மா, இந்த ஆளை வெளியில போகச் சொல்லுங்கோ."

பத்மாவதி மகளைப் பார்த்துத் தலையசைத்து உட்கார வைத்தார். உள்ளே போய் ஒரு கோப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். தடித்த கோப்பு. மூடி பிரிந்து ரப்பர் வளையம் போட்டிருந்தது.

திறக்க முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அதே கோப்பை நான் முன்பும் பார்த்திருக்கிறேன், வேறு வேறு பெண்களின் கையில். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி. செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதம். மனித உரிமை ஆணைக்குழு, அந்த விசாரணைக்குழு, இந்த விசாரணைக்குழு. ஒவ்வொரு தாளிலும் வேறு வேறு இலக்கம், ஒரே புகைப்படம்.

"ரெண்டாயிரத்து எட்டு ஆவணி. இவளுக்குப் பத்து வயசு. பள்ளிக்கூடக் கொப்பிக்கு உறை போடப் பிறவுண் பேப்பர் வேண்டியாறன் எண்டு கீழ போனவர். சந்தியில வான் ஒண்டில ஏத்தினதைக் கண்ட ஆக்கள் இருக்கினம். அவ்வளவுதான் அண்ணை. பதினாறு வருசம். பெயரை வெட்டுறதோ எண்டு ஒவ்வொரு வருசமும் கிராம சேவகர் கேப்பார். வெட்ட வேண்டாம் எண்டு சொல்லுவன். வெட்டினா நான் வெட்டின மாதிரி."

நான் உட்கார்ந்தேன். கம்பனியில் இருந்தபோது இப்படிக் கோப்போடு வந்த பெண்களிடம் நான் ஒரே ஒரு வசனம்தான் சொல்வேன். மரணச் சான்றிதழ் கொண்டு வாங்கோ அம்மா, பிறகு பார்ப்பம். அது என் சொந்த வசனம் இல்லை, கம்பனியின் விதி. ஆனால் சொன்ன வாய் என்னுடையது. ஒருத்தி எனக்கு முன்னால் கோப்பை மூடிக்கொண்டு, அப்ப எனக்குக் காசு வேண்டாம் என்று எழுந்து போனது ஞாபகம் வந்தது. அவளைப் பற்றி அன்றைக்கு மதியச் சாப்பாட்டில் சிரித்துக் கதைத்தோம்.

வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்தக் கேள்வியை நான் கேட்டேன். வீடு எனக்குத் தேவைப்பட்டது.

"மரணச் சான்றிதழ் எடுக்கேல்லையே?"

"தம்பி ராகுலன் எல்லாம் எழுதிக் குடுத்து முடிச்சு வைச்சவன். சான்றிதழ் ஒன்பது வருசமாப் பிரதேச செயலகத்தில கிடக்கு. நான் போய் ஒப்பம் வைச்சு எடுக்கிறதுதான் பாக்கி." பத்மாவதி கோப்புக்கு ரப்பர் வளையத்தைத் திரும்பப் போட்டார். "எடுப்பன் அண்ணை. எடுக்கத்தான் வேணும், எனக்கு விளங்குது. ஆனா இவளின்ர கலியாணம் ஆனி இருவத்தெட்டு. தாரை வார்க்கிறது எப்பிடியும் தம்பியும் பெண்சாதியும்தான். ஆனா நான் மணவறையில நிக்கலாம். இவளுக்கு என்ர கையால பொட்டு வைச்சு விடலாம். அந்தக் கடுதாசியைக் கையெழுத்துப் போட்டு எடுத்தா, நான் என்னவெண்டு நிக்கிறது?"

"கடுதாசி மேசை லாச்சிக்குள்ள கிடக்கப்போகுது. ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே" என்றார் பத்மாவதி.

பிறகு தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னார். இன்றைக்கே சாவியைத் தருகிறார். நாங்கள் ஆனியில் வந்து குடியேறலாம், அவரும் மகளும் தம்பி வீட்டுக்குப் போய்விடுவார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குக் கலியாணத்துக்கு முன் கொடுக்க வேண்டியது இருப்பதால் மீதிப் பணத்தை நாங்கள் இப்போதே கொடுத்துவிட வேண்டும். கலியாணம் முடிந்த மறுநாளே சான்றிதழை எடுத்துக்கொண்டு அளுத்கடைக்கு வந்து உறுதியில் கையெழுத்துப் போடுவார். "நாப்பது நாள் அண்ணை. அம்மாளாச்சி சத்தியமா வருவன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

வழக்கம்போல் என் புத்தி பஸ்ஸில் ஏறிய உடனேயே வேலை செய்யத் தொடங்கிவிட்டது. பணம் முழுவதும் அவர் கையில், வீடும் அவர் பேரில். எங்களிடம் ஒரு சாவி. கலியாணம் முடிந்ததும் மனம் மாறினால்? சான்றிதழை எடுக்க மறுபடியும் மனம் வராமல் போனால்? ஒன்பது வருடம் எடுக்காதவர் நாற்பத்தோராம் நாள் எடுப்பார் என்பதற்கு என்ன சாட்சி? பொய் சொல்கிறார் என்று இப்போது நான் நினைக்கவில்லை. உண்மை சொல்கிறவர்களும் கடைசி நேரத்தில் பின்வாங்குவார்கள் என்று நினைத்தேன்.

சஹ்லாவிடம் கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "கோர்ட்டுக்குப் போய், மாப்புளட சம்மதத்துக்குப் பதிலா அனுமதி எடுக்கலாம். ஆனா அது வருசக் கணக்கில இழுக்கும். லோயரா செல்றதெண்டா, உறுதி எழுதாம சல்லிய குடுக்காதீங்க அங்கிள். வேற யாராவது கேட்டாலும் நான் இதத்தான் செல்லுவேன்." பிறகு, "ஒரு மகளாச் செல்றதெண்டா எனக்குத் தெரியா" என்றார்.

யோகராணிக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. "நாப்பது நாள்தானே. சாவியையும் தாறன் எண்டுதே அந்த மனுசி. குடுங்கோவன்."

"குடுத்துப்போட்டு? எல்லாம் போச்செண்டா எங்கை போய் இருக்கிறது? பன்ரெண்டாவது வாடகை வீட்டிலயோ?"

"எல்லாரும் உங்கட கம்பனிக்கு வந்த ஆக்களே?"

நான் கத்தினேன். முப்பது வருடம் உழைத்த காசு, உமக்கென்ன தெரியும், சாவியை வைத்து வழக்காட முடியுமா என்று என்னவெல்லாமோ கத்தினேன். கோபம் என்று அவள் நினைத்திருப்பாள். அது பயம். கையில் இருந்த ஒரே காசு அது. ஏமாந்துபோனால், வாழ்நாள் முழுவதும் மற்றவர்களைச் சந்தேகித்த ஒருவன் கடைசியில் தானே ஏமாந்தான் என்று யார் சிரித்தாலும் சிரிக்காவிட்டாலும் நான் என்னைப் பார்த்துச் சிரிப்பேன். அந்தப் பயம் என்னை விடவில்லை.

அடுத்த வாரம் பதிவுத் தபாலில் கடிதம் போட்டேன். பதினான்கு நாளுக்குள் உறுதி எழுதித் தர வேண்டும், இல்லாவிட்டால் முற்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அந்த முற்பணம் ஏற்கெனவே கலியாண மண்டபத்துக்கும் நகைக்கும் போய்விட்டது என்று பேதுரு சொல்லி எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன்.

பேதுரு வீடு தேடி வந்தார். "ஐயா, இது பாவம்யா" என்று மட்டும் சொன்னார். தன் தரகுப் பணத்துக்குத்தான் கவலைப்படுகிறார் என்று நினைத்து அவரை வாசலோடு அனுப்பிவிட்டேன். அவர் பிறகு தரகுப் பணம் வாங்க வரவே இல்லை. அதை ஏன் வாங்கவில்லை என்றும் கொஞ்ச நாள் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நாள் சஹ்லா போன் எடுத்தார். பத்மாவதி வருகிறாராம்.

ஆனி பிறந்து இரண்டாம் நாள் அது. பத்மாவதி மகளோடு வந்தார். நெற்றியில் விபூதி மட்டும். கழுத்தில் ஒன்றும் இல்லை. சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடியிருந்தார். யோகராணி ஒரு தடவை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பத்மாவதி கைப்பையில் இருந்து ஒரு நீள உறையை எடுத்துச் சஹ்லாவிடம் கொடுத்தார். சஹ்லா படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

நான் அதை வாங்கினேன். இலக்கத்தைப் பார்த்தேன். திகதியைப் பார்த்தேன், இறந்த திகதி என்ற இடத்தில் அவர் பிறவுண் பேப்பர் வாங்கப் போன நாள் இருந்தது. பிறகு என்னையறியாமல் தாளைத் தூக்கி, முத்திரை உண்மையா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"அங்கிள்" என்றார் சஹ்லா, மெதுவாக.

அப்போதுதான் என் கை என்ன செய்கிறது என்று எனக்குத் தெரிந்தது. தாளை இறக்கி மேசையில் வைத்தேன். நிருஷா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

உறுதியை விற்கிறவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது முறை. சஹ்லா ஒரே குரலில் வாசித்தார். காலஞ்சென்ற நாகேந்திரத்தின் விதவையான பத்மாவதி ஆகிய நான் என்ற இடம் வந்ததும் நிறுத்தி, "சரியா, அம்மா?" என்று கேட்டார். கேட்கத்தான் வேண்டும், அது அவர் வேலை.

"ஓம்" என்றார் பத்மாவதி.

கையெழுத்துப் போட அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. ஐந்து மாதம் இழுத்த விசயம். எல்லாம் முடிந்ததும் பத்மாவதி கண்ணைக் காட்ட, நிருஷா ஒரு அழைப்பிதழை எடுத்து என்னிடம் இல்லாமல் யோகராணியிடம் கொடுத்தாள். "ரெண்டு பேரும் கட்டாயம் வரவேணும்" என்று பத்மாவதிதான் சொன்னார். எதற்காக என்னைக் கூப்பிடுகிறார்? வந்து பார் என்கிறாரா? வழி முழுக்க அதை உருட்டிக்கொண்டே வந்தேன். யோகராணி சொன்னாள்: "கலியாணத்துக்குச் சொல்லுறதுக்குக் காரணம் தேடுற ஒரே மனுசன் நீங்கள்தான்."

ஆனி இருபத்தைந்தில் வீடு மாறினோம். யோகராணி பால் காய்ச்சினாள். சமையலறைக் குழாய் சொட்டியது. அவர் சொன்னது போலவே சொட்டியது, கூடவும் இல்லை குறையவும் இல்லை.

கலியாணத்துக்குப் போகாமல் விடலாம் என்று பார்த்தேன். "நீங்கள் வராட்டி நான் தனியப் போவன்" என்று சேலை கட்டிக்கொண்டு நின்றாள் யோகராணி. வெள்ளவத்தையில் மண்டபம், காலி வீதியில் இருந்து உள்ளே. நல்ல கூட்டம். நாங்கள் கடைசிக்கு முந்தின வரிசையில் ஓரமாக உட்கார்ந்தோம். மணவறையில் பத்மாவதியின் தம்பி ராகுலனும் மனைவியும் நிருஷாவின் பக்கத்தில் நின்றார்கள். பெண்கள் பலர் சுற்றி நின்றார்கள், யார் யாரோ பொட்டு வைத்தார்கள், யார் யாரோ ஆராத்தி எடுத்தார்கள். பத்மாவதியை அங்கே காணவில்லை.

தேடினேன். அவர் எங்களுக்குப் பின்னால், சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகிற வாசலில் நின்றார். வெளிர் நிறச் சேலை. அங்கிருந்தே கால் விரலில் எம்பி மணவறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைக் கண்டதும் சிரித்தார்.

"வந்தனீங்களே, நல்லது. சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்" என்றார்.

"நீங்கள் முன்னுக்குப் போகேல்லையோ?" என்று கேட்டாள் யோகராணி. கேட்டிருக்கக் கூடாது, ஆனால் அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"படம் எடுக்கக் கூப்பிடுவினம், அப்ப போவன். அவளும் வரச்சொல்லி அழுதவள்தான். நான்தான் மாட்டன் எண்டிட்டன். இஞ்ச நிண்டாலும் நல்லாத் தெரியுது." 

இருபத்தாறு நாள். கையெழுத்துப் போட்ட நாளில் இருந்து இன்றைக்கு இருபத்தாறு நாள்தான். அந்த இருபத்தாறு நாளை நான் கொடுத்திருக்கலாம். அவர் சொன்னதில் ஒரு சொல்லாவது பொய்யா என்று இந்த நிமிடம் வரை தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். தேங்காயின் மேல் தாலியை வைத்த தட்டை ராகுலன் கையில் எடுத்து, ஆசீர்வாதம் வாங்குவதற்காக ஒவ்வொரு வரிசையாகக் கொண்டுவந்தார். பெரியவர்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். பின்வரிசைவரை வந்தது. தட்டு எங்கள் பக்கம் திரும்பியதும் பத்மாவதி இரண்டடி பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றார். தட்டில் பட்டுவிடாமல் சேலைத் தலைப்பை இழுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். ராகுலன் அக்காவைப் பார்த்தார். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

யோகராணி தொட்டாள். பிறகு தட்டை என் முன்னால் நீட்டி, "ஐயா, தொட்டு ஆசீர்வதியுங்கோ" என்றார் ராகுலன். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. என் கை எழும்பவில்லை. பின்னால் இருந்து பத்மாவதியின் குரல் கேட்டது.

"தொடுங்கோ அண்ணை. நேரம் போகுது."

நான் தொட்டேன். ராகுலன் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்.